வெள்ளி இருக்கிறது, வெள்ளிக் காசுதான் இல்லை: தட்டுப்பாட்டில் வாங்கியவர்களின் அனுபவங்கள்

2020 மார்ச்சில் வெள்ளி ஸ்பாட் விலை அவுன்ஸுக்கு (31.1 கிராம்) 12 டாலருக்கும் கீழே போனதே, அப்போது வாங்கக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன். திரையில் விலை அடிமாட்டு விலை. டீலரிடம் கேட்டால் வெள்ளிக் காசே இல்லை. மிச்சம் மீதி இருந்த சில்வர் ஈகிளுக்கு (அமெரிக்காவின் ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசு) பிரீமியம், அதாவது ஸ்பாட்டுக்கு மேல் கேட்கும் கூடுதல் விலை, ஸ்பாட் விலையில் பாதிக்கும் மேலே போட்டிருந்தார்கள். கொள்ளை என்று பலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பாட் என்பது 1000 அவுன்ஸ் கட்டிகள் கைமாறும் சந்தையின் விலை. அந்தக் கட்டியை உருக்கி, பில்லையாக வெட்டி, அச்சடித்தால்தான் காசு. அந்த மாதம் சுவிட்சர்லாந்தின் டிசினோ பகுதியில் வால்காம்பி, பாம்ப், ஆர்கோர் ஹெரேயஸ் மூன்று சுத்திகரிப்பு ஆலைகளும் கொரோனாவால் மூடிக்கிடந்தன. ஏப்ரலில் ஈகிள் அடிக்கும் அமெரிக்க வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையும் கொஞ்ச நாள் நின்றது. வெள்ளி கிடங்கில் இருந்தது, அதைக் காசாக்க ஆள் இல்லை.

அதனால் நான் ஈகிள் பக்கமே போகவில்லை. போனில் ஒரே கேள்விதான் கேட்டேன்: "சரக்கு உங்கள் கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வரணுமா?" பாதிப் பேர் மழுப்பினார்கள். ஒருவர் மட்டும், "பழைய வருட மேப்பிள் லீஃப், கனடாவின் ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசு, ஒரு டியூப் இருக்கு. ஆனால் பால்புள்ளி விழுந்திருக்கு, பரவாயில்லையா?" என்றார். வெள்ளைத் திட்டுத்திட்டாகப் படியுமே, அதுதான். 2018-க்கு முந்தைய மேப்பிள்களில் அது சகஜம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் எடையும் 99.99% சுத்தமும் அப்படியே இருக்கும். ஒரு டியூபில் 25 நாணயங்கள். பிரீமியம் ஈகிளைவிட நன்றாகவே குறைவு. வாங்கிவிட்டேன். சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், எடைக்கு வாங்குகிறவனுக்கு என்ன வந்தது?

* * *

நான் வேறொருவன், என் கதை 2021 பிப்ரவரி. ரெட்டிட் இணையத்தளத்தில், எல்லோரும் சேர்ந்து வெள்ளி வாங்கி விலையை ஏற்றுவோம் என்று 'சில்வர் ஸ்குவீஸ்' கிளம்பி, ஒரே வார இறுதியில் கடைகள் காலி. சில பெரிய கடைகள் சந்தை திறக்கும்வரை ஆர்டரே எடுக்கவில்லை. நான் அதற்கு முன்பே ஒரு டீலரிடம் (பெயர் வேண்டாம்) பணம் கட்டி, விலை உறுதியாகிவிட்டது என்று மின்னஞ்சலும் வந்திருந்தது. திங்களன்று ஸ்பாட் 30 டாலரைத் தொட்டதும், "சரக்கு வரவில்லை, பணத்தைத் திருப்பிவிடுகிறோம்" என்றார்கள். அதே காசு அன்று மாலை அவர்கள் தளத்திலேயே கூடுதல் விலையில் இருந்தது! ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். பதில் இல்லை. விதிமுறைப் பக்கத்தில் அடியில், பொடி எழுத்தில், 'ரத்து செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று இருந்ததுதான் அவர்களுக்குக் கேடயம். பணம் திரும்பி வந்தது, அதுவரை சரி. விலை இறங்கினால் நாம் ரத்து செய்ய முடியாது, அபராதம் கட்டணும். இதென்ன ஒருவழிப் பாதையா?

* * *

என் பங்குக்கு ஒன்று: தட்டுப்பாடு வந்தால் போலியும் கூடவே வரும். 'ஸ்பாட்டுக்கும் குறைவாக ஈகிள்' என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தை நம்பி உறவினர் ஒருவர் வாங்கிவிட்டு, என்னிடம் கொண்டுவந்தார். தராசில் 31.1 கிராம், அச்சுப் பிசகாமல் சரி. காந்தமும் இழுக்கவில்லை. அப்புறம் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். அசல் ஈகிள் 40.6 மில்லிமீட்டர் விட்டம், 2.98 தடிமன். இது விட்டத்தில் சரி, தடிமனில் மூன்றரைக்கும் மேலே. செம்பும் பித்தளையும் வெள்ளியைவிட அடர்த்தி குறைவு. அதே எடை வரணும் என்றால் காசு தடித்துத்தான் ஆகணும். எடையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறவர்களைக் குறிவைத்தே செய்கிறார்கள். இன்னொன்று: 2021 நடுவில் புது வடிவம் வந்த பிறகு, ஈகிளின் விளிம்பு வரிகளில் கீழ்ப்பக்கம் ஓர் இடத்தில் ஒரு வரி வேண்டுமென்றே விட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். அவர் கொண்டுவந்ததில் புது வடிவம்தான் இருந்தது, விளிம்பில் அந்த இடைவெளி இல்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். விற்பது பற்றி யாரும் சொல்லவில்லையே என்று திரும்ப வந்தேன். தட்டுப்பாட்டில் பிரீமியம் வாங்குபவனுக்கு மட்டும் ஏறுவதில்லை, டீலர் நம்மிடம் வாங்கும் விலையும் ஏறும். முன்பு மலிவாக வாங்கிய ஈகிள்கள் கொஞ்சம் என்னிடம் இருந்தன. ஸ்பாட்டுக்கு மேலேயே கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் பிரீமியம் குறைவான 10 அவுன்ஸ் கட்டிகள் வாங்கினேன், மொத்த அவுன்ஸ் கூடிவிட்டது. ஆனால் எல்லாத் தட்டுப்பாடும் ஒரே மாதிரி இருக்காது. 2025 அக்டோபரில் வெள்ளி 50 டாலரைத் தாண்டியபோது லண்டனில் பெரிய கட்டிகளுக்குத்தான் பஞ்சம், நியூயார்க்கிலிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் இப்படி மாற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, கட்டிக்கு மாற்றியது சரி. திரும்ப விற்கும்போது கட்டியைச் சோதித்துப் பார்க்கணும் என்று தனியாகக் கட்டணம் கேட்டார்களா? என்னிடம் கேட்டார்கள்.