புஷ்பராகம் டோபாஸ் இல்லை

கன்னாதிட்டிக்காரன்:
நேற்று இங்கே ஓர் அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகளுக்கு நவம்பரில் பிறந்தநாளாம். நவம்பரில் பிறந்தவர்களுக்கான மாதக் கல் டோபாஸாம். டோபாஸ் என்றால் புஷ்பராகமாம். குரு பகவானுக்கும் அதே கல்தானாம். ஆகவே ஒரே மோதிரத்தில் இரண்டு பலனும் வந்துவிடுமாம்! இதற்கு இத்தனை பேர் கைதட்டியிருக்கிறீர்கள். புஷ்பராகம் டோபாஸ் இல்லை. கல் வியாபாரம் நடக்கும் இரத்தினபுரிக்குப் போய்ப் புஷ்பராகம் கேளுங்கள், மஞ்சள் சஃபயரைத்தான் எடுத்து வைப்பார்கள். அது குருந்தம் என்ற கனிமம். டோபாஸ் வேறு சாதி.

கோண்டாவில் அக்கா:
எழுதியது நான்தான் தம்பி, "ஓர் அக்கா" என்று ஒளித்துச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் மூன்று நகைக்கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் அதைப் புஷ்பராகம் என்றே சொன்னார்கள். கடைக்காரருக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ?

கன்னாதிட்டிக்காரன்:
கடைக்காரர் விற்கிறவர். என் ஐயா நகையில் கல் கட்டினவர். ஒரு நாள் ஒருவர் "புஷ்பராகம்" என்று ஒரு மோதிரத்தைக் கொண்டுவந்தார். கல்லைக் கழற்றி, அரக்கில் பதித்து, அடிப்பக்கத்தில் சின்னச் சஃபயர்த் துண்டொன்றால் ஐயா ஓர் இழுப்பு இழுத்தார். மயிரிழைபோலக் கோடு விழுந்தது. ஒன்று முதல் பத்து வரை போகும் கடின அளவில் குருந்தம் 9, டோபாஸ் 8. ஒன்பது எட்டைக் கீறும், அவ்வளவுதான். வந்த மனிதர் அந்தக் கோட்டைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், அழிந்துவிடும் என்பதுபோல. நான் பட்டறைப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயிர்க்கொட்டி:
கீறிய கல்லுக்கு உங்கள் ஐயா நட்டஈடு கொடுத்தாரா?

கன்னாதிட்டிக்காரன்:
உம்மோடு எனக்குப் பேச்சில்லை. போன வருடம் ஒடியல் கூழ் விவாதத்தில் நீர் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முதலில் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். புட்பராகம் என்று எழுதுவதே தமிழ். என் மேசையிலிருக்கும் பழைய தமிழ் ஆங்கில அகராதியில் அதற்கு டோபாஸ் என்றே பொருள் போட்டிருக்கிறது. அகராதியையும் அரக்கில் பதித்துக் கீறிப் பார்ப்பீர்களோ?

கன்னாதிட்டிக்காரன்:
சேர், அகராதி எழுதியவர்களின் நாட்டில் மஞ்சள் சஃபயரையே "கீழைத்தேய டோபாஸ்" என்று விற்றார்கள். அந்தக் குழப்பம் உங்கள் மேசை வரைக்கும் வந்திருக்கிறது. பெயரை நம்பினால் மாத்தறை வைரமும் வைரம்தான். அது நிறமற்ற சேர்க்கோன் என்ற வேறு கல் என்பது இலங்கையில் கல் பிடித்த எவருக்கும் தெரியும். ஆங்கிலத்தின் "கொரண்டம்" நம்முடைய குருந்தத்திலிருந்து போன சொல். நம் சொல்லை அவர்கள் சரியாக எடுத்துக்கொண்டார்கள், நாம் அவர்களுடைய பிழையை எடுத்துக்கொண்டோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
புட்பராகம்.

லண்டன் பேரன்:
ஒரு சின்ன விடயம். இந்த மாதக் கற்கள் நவக்கிரகக் கற்களே இல்லை. அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம் 1912இல் போட்ட பட்டியல் அது. அதில் ஒக்டோபருக்கு ஓப்பலோடு டூர்மலினும் இருக்கிறது. 1952இல் திருத்தியபோது நவம்பருக்கு டோபாஸோடு சிட்ரின் என்ற கல்லும் சேர்ந்தது. ஆகவே பிள்ளை சிட்ரின் போட்டாலும் பிழையில்லை. குருவையும் நவம்பரையும் முடிச்சுப் போடுவதே...

கன்னாதிட்டிக்காரன்:
தம்பி, அதைப் பிறகு பார்ப்போம். புஷ்பராகம் டோபாஸா? ஆம் அல்லது இல்லை.

மயிர்க்கொட்டி:
ஒக்டோபர், நவம்பர்க் கற்களை இலையுதிர்காலக் கல் என்கிறார்கள். அந்த மாதங்களில் நமக்கு மாரி மழை. யாழ்ப்பாணத்தில் இலையில்லாமல் நிற்பது என் இனத்தவர் தின்று முடித்த முருங்கை மட்டும். அதற்கு என்ன கல்?

சாவகச்சேரி சுதா:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். என் மகள் ஒக்டோபரில் பிறந்தவள். ஓப்பல் மோதிரம் செய்விக்கலாமா?

கன்னாதிட்டிக்காரன்:
மோதிரமாக வேண்டாம் தங்கச்சி, பதக்கமாகச் செய்வியுங்கள். ஓப்பலின் கடினம் ஆறு மட்டில்தான், தூசியில் இருக்கும் மணலே அதைக் கீறிவிடும். உள்ளே நீரும் இருக்கிறது, சூட்டில் வெடிப்பு விடலாம். சட்டி கழுவி, தேங்காய் துருவும் கைக்கு அது தாங்காது. மோதிரம்தான் வேண்டும் என்றால் டூர்மலின். செப்டம்பர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே இல்லை, நீலக்கல் 9. இளவரசி டயானாவின் மோதிரத்தில் இருந்ததும் இலங்கை நீலம்தான்.

கோண்டாவில் அக்கா:
சாதகம் பார்க்காமல் நீலம் போடச் சொல்கிறாரே! சனி பகவானோடு விளையாட்டா? டயானா போட்டு என்ன சுகம் கண்டார்?

லண்டன் பேரன்:
அதே மோதிரத்தைத்தானே இப்போது டயானாவின் மருமகள் கேட் போட்டிருக்கிறார்.

கோண்டாவில் அக்கா:
பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழாதே.

கன்னாதிட்டிக்காரன்:
பேச்சை மாற்ற வேண்டாம் அக்கா. டோபாஸ் கெட்ட கல் என்று நான் எங்கே சொன்னேன்? அழகான கல். ஆனால் ஒரு தளத்தில் அடி விழுந்தால் விறகுபோல நேராகப் பிளந்துவிடும். கல்லைச் சுற்றி விளிம்பு உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், பிள்ளை குளிக்கும்போது கழற்றிவைக்கட்டும். இந்த விபரம் தெரிய வேண்டுமென்றால் கல்லின் சரியான பெயர் தெரிய வேண்டும். புஷ்பராகம் டோபாஸ் இல்லை.

கோண்டாவில் அக்கா:
மோதிரம் போன கிழமையே கனடாவுக்குப் போய்விட்டது. பிள்ளை போட்டுப் படமும் அனுப்பிவிட்டாள். நீர் பெரிதாகச் சொல்லும் ஐயாவையும் எனக்குத் தெரியும் தம்பி. என் தாலிக்கொடியைத் தாலிகட்டுக்கு முதல் நாள் இரவுதான் தந்தவர். என் அம்மா அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை.

கன்னாதிட்டிக்காரன்:
இரவா? பின்னேரம் நாலு மணி. ஐயாவின் கணக்குக் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டார் பவுண் கொண்டுவந்து தந்த திகதியும் அதில் இருக்கிறது, எழுதவா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
எழுதுங்கள். ஆனால் புட்பராகம் என்று எழுதுங்கள்.

சாவகச்சேரி சுதா:
டூர்மலின் எந்த நிறத்தில் வாங்க வேண்டும்?

கன்னாதிட்டிக்காரன்:
இளஞ்சிவப்பு. கொப்பியைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன், அக்கா எங்கேயும் போக வேண்டாம்.