கிளிநொச்சி ரவுணுக்குள்ள சைக்கிளுக்கு எண்டு ஒரு பாதை கேக்கிறதெண்டா என்னத்தைக் கேக்கிறது?

கனகபுரத்து அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். என்ர மகள் இந்த வருசம் ஒன்பதாம் ஆண்டு, கனகபுரத்தில இருந்து பள்ளிக்கூடத்துக்கும் பின்னேரம் ரியூசனுக்கும் சைக்கிள்லதான் போய்வாறவ. உள்ளொழுங்கையளுக்க ஓடேக்க எனக்குப் பயமில்லை, ஏ9 பெருந்தெருவில ஏறினாப் பிறகுதான் வயித்தைக் கலக்கும்.

ரெண்டு கிழமைக்கு முன்னம் டிப்போச் சந்திக்கு இஞ்சாலிப்பக்கம் ஒரு கடை வாசல்ல வான் ஒண்டை வெள்ளைக்கோட்டுக்கு வெளிய, அதுதான் சைக்கிள் போற கரையில, நிப்பாட்டி வச்சிருக்கினம். பிள்ளை அதைச் சுத்திக் கோட்டுக்கு உள்ளால போக வெளிக்கிட பின்னால ரிப்பர் ஒண்டு கோர்ண் அடிச்சுக்கொண்டு வந்திருக்கு, இவ பதறிப்போய்த் திரும்பக் கரைப்பக்கம் வெட்ட, காப்பெட் எண்டுற தார் முடிஞ்சு கிறவல் தொடங்கிற இடத்தில நாலு விரல் பள்ளம், முன் ரயர் அதுக்க இறங்கி விழுந்திட்டா. முழங்கை தோல் உரிஞ்சு கான்டில் வளைஞ்சதோட போச்சு. மற்றப் பக்கம் விழுந்திருந்தா எண்டு நான் இன்னும் ஒவ்வொரு இரவும் நினைக்கிறன்.

எங்கட சனசமூக நிலையத்தால சைக்கிள் பாதை கேட்டு ஒரு கடிதம் எழுதப்போறம். ஆனா சிலபேர் சொல்லினம் அந்த வெள்ளைக்கோட்டுக்கு வெளியால இருக்கிறதே சைக்கிள் பாதைதானே, இனி என்ன கேக்கப்போறியள் எண்டு. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை. அகலம் எவ்வளவு வேணும், கல் கட்டிப் பிரிக்கிறதோ பெயின்ற் அடிக்கிறதோ, ஆருக்கு எழுதுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மருதமரம்:

அண்ணை பிள்ளைக்குப் பெரிசா ஒண்டும் நடக்கேல்லை எண்டது முதல் ஆறுதல். நான் கொஞ்சக் காலம் றோட்டு வேலை சைற்றில நிண்டனான், அதால தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல்ல ஆருக்கு எழுதுறது எண்டது. ஏ, பி எண்டு தொடங்கிற றோட்டெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர பொறுப்பு. சி, டி றோட்டுகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்ளொழுங்கைதான் பிரதேச சபை. நீங்கள் ஏ9 கரையைப் பற்றிச் சபைக்கு மட்டும் எழுதினா அது மேசை மேசையாச் சுத்தும். அதிகார சபைக்கு எழுதிப் போட்டுப் பிரதி சபைக்கும் ட்ரபிக் பொலிசுக்கும் குடுங்கோ, ஏனெண்டா வான் நிப்பாட்டுறதை மறிக்கிறது பொலிசின்ர வேலை.

அடுத்தது அந்த வெள்ளைக்கோடு. அது றோட்டின்ர விளிம்பைக் காட்டுற கோடு, சைக்கிளுக்கெண்டு போட்டதில்லை. அங்கால இருக்கிற கரை பழுதாப்போன வாகனம் ஒதுங்கவும் நடந்து போறவைக்கும் சைக்கிளுக்கும் எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொது எண்டா கடைசியில பெரிய வாகனம்தான் பிடிச்சுக்கொள்ளும். சைக்கிள்காரரின்ர கான்டில் அறுபது சென்ரிமீற்றர் வரும், ஆனா ஒருத்தரும் நூல் பிடிச்ச மாதிரி ஓடுறேல்லை, கொஞ்சம் ஆடித்தான் ஓடுவம், பள்ளிப்பிள்ளையின்ர முதுகில புத்தகப் பையும் இருக்கும், அதால ஒருத்தருக்கே ஒரு மீற்றர் வேணும். ஒன்றரை மீற்றர் இல்லாட்டி அதைப் பாதை எண்டு சொல்லேலாது, ஒராளை ஒராள் முந்திறதெண்டா ரெண்டு மீற்றராவது வேணும். பக்கத்தில கார் நிப்பாட்ட விட்டா அதின்ர கதவு துறக்கேக்கயே கிட்டத்தட்ட ஒரு மீற்றர் போயிடும்.

உங்கட மகளை விழுத்தினது அகலமில்லை, அந்த நாலு விரல் பள்ளம். அதைக் கட்டாயம் எழுதுங்கோ. காப்பெட் மேல மேல போட்டு உயர்த்துவினம், பக்கத்துக் கிறவல் மழைக்கு அரிச்சு இறங்கும், அதைத் திருப்பி நிரப்பி இறுக்க ஒருத்தரும் வாறேல்லை. இது பெரிய காசு வேலையுமில்லை. அதோட வடிகான் மூடியளையும் பாருங்கோ, கம்பி போட்ட மூடியில கம்பி றோட்டு ஓடுற திசைக்கே நீளமா இருந்தா சைக்கிள் ரயர் அப்பிடியே உள்ளுக்க இறங்கும், குறுக்கால இருக்கோணும். சிலாப் உடைஞ்ச இடத்தையும் ஒவ்வொண்டாக் குறிச்சுக் குடுங்கோ.

உத்ரெக்டில இருந்து:

நான் கிளிநொச்சியில பிறந்து வளந்து இப்ப இருபது வருசத்துக்கு மேல நெதர்லாந்தில இருக்கிறன். இஞ்ச எப்பவும் இப்பிடித்தான் இருந்தது எண்டு எங்கட சனம் நினைக்குது, அது பிழை. 1971ல இந்த நாட்டில மூவாயிரத்துக்கு மேல சனம் வாகன விபத்தில செத்தது, அதில 400க்கு மேல சின்னப்பிள்ளையள். தாய் தகப்பன்மார் தெருவில இறங்கிச் சத்தம் போட்டினம், 1973ல எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்திது, அதுக்குப் பிறகுதான் கொஞ்சங்கொஞ்சமா உந்தச் சிவப்புத் தாரில போட்ட பாதையெல்லாம் வந்தது. கனகபுரத்து அண்ணை, நீங்கள் இப்ப எழுதப்போற கடிதத்தைத்தான் அண்டைக்கு அவையும் எழுதினவை.

நான் சொல்லுறன், பெயின்ற் காணாது, கரைக்கல் வச்சுப் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கோ. லண்டனில 2010ல நீலப் பெயின்ற் அடிச்சுச் சைக்கிள் பாதை எண்டு துறந்தவை, அதில சைக்கிள்காரர் லொறியில அடிபட்டுச் செத்தாப் பிறகு முக்கியமான றோட்டுகளில கல் கட்டிப் பிரிக்க வேண்டி வந்தது. பெயின்ற் ஒரு ரிப்பரையும் மறிக்காது.

இன்னொண்டு, பஸ் தரிப்பு. இஞ்ச கன இடங்களில சைக்கிள் பாதை தரிப்பிடத்துக்குப் பின்னாலதான் போகும், பஸ்ஸுக்கும் மற்ற வாகனங்களுக்கும் இடையில சைக்கிள் மாட்டாது. எங்கட ரவுணில பஸ் ஒவ்வொண்டும் கரையை வெட்டிக்கொண்டுதானே வந்து நிக்கும், பிள்ளையள் பஸ்ஸுக்கு வெளிப்பக்கத்தால சுத்தவேண்டிக் கிடக்கு. சந்தியும் அப்பிடித்தான். ரெண்டு சந்திக்கு இடையில நல்ல பாதை போட்டுச் சந்தியில கைவிட்டா ஒரு பிரயோசனமும் இல்லை, திரும்பிற வாகனம்தான் கனபேரை அடிக்கிறது.

மருதமரம்:

கரைக்கல்லைப் பற்றி ஒரு சொல். நான் எதிர்ப்பில்லை, ஆனா எங்கட மாரி மழையை நினையுங்கோ. நீட்டுக்கு இடைவெளி விடாமல் கல் கட்டினா றோட்டுத் தண்ணி வடிகானுக்குப் போகாமல் நிக்கும், பிறகு சைக்கிள்காரர் முழங்கால் தண்ணிக்க உழக்கோணும். இடைக்கிடை வாய் விட்டுக் கட்டோணும். அகலத்தைக் கூடக் குடுத்தா லாண்ட்மாஸ்டர் எண்டுற ரெண்டு சில்லு உழவு மெசினும் மோட்டச்சைக்கிளும் உள்ளுக்க வரும், தொடக்கத்தில ஒரு கட்டை நட்டு மறிக்கோணும். ஒரே நாளில ரவுண் முழுக்கக் கேக்காதேங்கோ. பள்ளிக்கூடமும் ரியூசனும் இருக்கிற துண்டு, கந்தசுவாமி கோயிலடியில இருந்து டிப்போச் சந்தி வரைக்கும் எண்டு கேட்டாக் கிடைக்க வாய்ப்பிருக்கு.

வயல்காரி:

நான் பரந்தன் பக்கம். எல்லாரும் வான், ரிப்பர் எண்டு கதைக்கிறியள், எங்களையும் ஒருக்காச் சொல்லோணும். காலபோக அறுவடை முடிய மாசி பங்குனியில நாங்கள்தான் றோட்டுக் கரையில நெல்லுக் காயப்போடுறம். அந்த நாளையில சைக்கிளில போற பிள்ளையள் எங்கட படங்கைச் சுத்தி நடு றோட்டுக்குப் போறதை நானே நிண்டு பாத்திருக்கிறன், மனம் கேக்காது, ஆனா வேற வழியில்லை. மெசினால வெட்டின நெல்லு ஈரத்தோட வரும், நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் குடுக்கிறதெண்டா ஈரப்பதன் 14 வீதத்துக்குக் கூடக் கூடாது, ஈரமாக் குடுத்தா யாவாரி விலையை வெட்டுவான். காயப்போடத் தளம் இல்லாட்டி சூடான காப்பெட் றோட்டுத்தான் எங்கட தளம். அண்ணை, உங்கட கடிதத்தில கிராமத்துக்கு ஒரு காயவிடுற தளம் எண்டதையும் ஒரு வரி சேருங்கோ, கமக்கார அமைப்பில நான் கையெழுத்து வாங்கித் தாறன். எங்களைத் துரத்திப்போட்டுப் பாதை போட்டா அடுத்த போகத்துக்கு அந்தப் பாதையிலயும் நெல்லுத்தான் காயும்.

முள்ளியவளை ரீச்சர்:

எங்கட பக்கம் இதைவிட மோசம், பரந்தன் முல்லைத்தீவு ஏ35 றோட்டில கரையே இல்லாத இடங்கள் இருக்கு, பாலத்தடியில றோட்டு ஒடுங்கும், அதில பஸ்ஸும் சைக்கிளும் ஒரே நேரத்தில வந்தா ஆராவது ஒராள் நிக்கோணும், நிக்கிறது எப்பவும் சைக்கிள்தான். இரவில கட்டாக்காலி மாடுகள் காப்பெட் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். என்ர பிள்ளையளுக்கு நான் சைக்கிளின்ர பின் மட்காட்டில சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டாமல் பின்னேர வகுப்புக்கு வரவிடுறேல்லை.

இன்னொரு விசயம். பிள்ளையள் கனபேர் பிழையான பக்கத்தால ஓடிவருதுகள். பேசிப்போட்டு ஏனெண்டு கேட்டன். ஒரு பெடியன் சொன்னான், ரீச்சர் சரியான பக்கத்துக்குப் போறதெண்டா ரெண்டு தரம் ஏ றோட்டைக் கடக்கோணும், அது இன்னும் பயம் எண்டு. அண்டையில இருந்து நான் பேசுறதில்லை. கடக்கிற இடத்தில பாதுகாப்புக் குடுக்காமல் ஓடுற பக்கத்தை மட்டும் திருத்தேலாது. உங்கட துண்டில பள்ளிக்கூட வாசலடியில மஞ்சள் கடவையும் வேகத்தடையும் கேளுங்கோ, ஊருக்குள்ள 50க்கு மேல ஓடக்கூடாது எண்டுதான் சட்டம்.

எங்கட சனத்துக்குச் சைக்கிள் பொழுதுபோக்கில்லை. தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாத நாளில விறகு, நெல்லு, வருத்தக்காரர் எல்லாம் சைக்கிள்லதான் போனது, ரேடியோ கேக்கிறதுக்கே ரயரைச் சுத்தி டைனமோவில கரண்ட் எடுத்தனாங்கள். 2022லயும் பெற்றோல் வரிசை வர எல்லாரும் திரும்ப அதிலதானே ஏறினது.

கனகபுரத்து அப்பா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. வாசிச்சு மகளுக்கும் காட்டினன். அவ சொல்லுறா, அப்பா வாய்க்கால் கரையால ஒரு வழி இருக்கு, கொஞ்சம் சுத்துத்தான், ஆனா ரிப்பர் வராது, மாரிக்குத்தான் களியில சறுக்கும் எண்டு. அதுக்குக் கிறவல் போட்டு இறுக்கித் தரச்சொல்லி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் எழுதலாமோ?

வாற சனிக்கிழமை காலமை நானும் இன்னும் நாலு தகப்பன்மாரும் கோயிலடியில இருந்து டிப்போச் சந்தி வரைக்கும் நடந்து கரையின்ர அகலம், பள்ளம், உடைஞ்ச சிலாப், வாகனம் நிக்கிற இடம் எல்லாம் அளந்து படம் எடுக்கப்போறம். வயல்காரி அக்கா, தளத்தைப் பற்றின வரி கட்டாயம் வரும்.

மருதமரம்:

எழுதுங்கோ அண்ணை, ஆனா அது தனிக் கடிதமா இருக்கட்டும், ரெண்டையும் ஒண்டாப் போட்டா ஒராள் மற்றாளின்ர வேலை எண்டு சொல்லுவினம். சனிக்கிழமை நான் வாறன், என்னட்ட முப்பது மீற்றர் நாடா இருக்கு. ஏழு மணிக்கு முன்னம் தொடங்குவம், கடை துறந்தா வாகனம் வந்து நிண்டிடும், கரையை அளக்கேலாது. பிறகு எட்டு மணிக்குத் திரும்பி வந்து அதே இடங்களைப் படம் எடுப்பம்.