புதுப்பிப்பு: பழைய ரேடியேட்டருக்குப் பெயின்ட் அடித்த கதை

டொரொன்டோவில் எங்கள் பழைய வீட்டு வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களில் (குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குபவை) வெள்ளி நிறப் பெயின்ட் உரிகிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். வேலை முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஈயம். கனடாவில் வீட்டின் உட்புறம் அடிக்கும் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி வரம்பு வந்தது 1976-இல்தான். அதற்கு முந்தைய வீடு என்றால் தயவுசெய்து காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி விஷம். தரையில் பிளாஸ்டிக் விரித்து, முகக்கவசம் போட்டு, ஈரமாகவே தேய்த்தேன். உரிந்த இடங்களை மட்டும்தான்; கெட்டியாக ஒட்டியிருந்ததைத் தொடவில்லை.

வெள்ளிப் பூச்சை முழுக்கச் சுரண்ட வேண்டுமா என்று பலர் கேட்டீர்கள். வேண்டாம். அலுமினியத் துகள் கலந்த பூச்சு வெப்பக் கதிர்வீச்சைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கணக்கில் வருவது கடைசிப் பூச்சுதான். மேலே சாதாரண பெயின்ட் அடித்தால் போதும், கறுப்போ வெள்ளையோ பெரிய வித்தியாசம் இல்லை.

இரும்பு தெரிந்த இடத்தில் துரு தடுக்கும் பிரைமர் (அடிப்பூச்சு), அப்புறம் வெப்பம் தாங்கும், தண்ணீர் கலந்த பெயின்ட், மெல்லிசாக இரண்டு கோட். எண்ணெய் பெயின்ட்டில் வெள்ளை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். ரேடியேட்டர் தூண்களின் இடுக்குக்கு நீளக் காம்பும் வளைந்த தலையும் உள்ள பிரஷ் கட்டாயம் வேண்டும். ரேடியேட்டருக்குள் சேரும் காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். பெயின்ட் இறுகினால் திறக்க வராது.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகே சூடேற்றினேன். முதல் முறை கொஞ்சம் வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.