மேலத்தெரு வீடு குழு: புல்லு ஒப்பந்தம்

கோலப்பன்: எல்லாரும் பாருங்க. ஞாயித்துக்கிழமை புல்லு ஆளு வீட்டுக்கு வாறாரு. கடைமடை வயல் 3 ஏக்கருக்கும் நேப்பியர் புல்லு, கேஸ் கம்பெனிக்கு 5 வருச ஒப்பந்தம். மூணு பங்குக்காரங்க கையெழுத்தும் வேணும். சம்மதமான்னு இன்னைக்கே சொன்னா எனக்குப் பதிலா கையெழுத்துப் போட மஸ்கட்ல இருந்து பவர் பத்திரம் எழுதி அனுப்புவேன்.

பகவதி: எந்தப் புல்லு?

ஐயப்பன்: மாட்டுக்கு அறுக்க அதே கோ-5 தாம்மா. புளிக்க வச்சு கேஸ் எடுத்து, சுத்தம் பண்ணி, அமுக்கி வண்டிக்கு அடைப்பாங்க.

பகவதி: அப்ப நெல்லு?

கோலப்பன்: நெல்லுல என்ன மிச்சம்? ஏக்கருக்கு வருசம் 145 டன் புல்லுங்காரு.

சிவதாணு: கோலப்பா, அந்தக் கணக்கு பொய்யில்ல. தண்ணி குறையாம கொடுத்தா ஹெக்டேருக்கு, அதாவது ரெண்டரை ஏக்கருக்கு, 360 டன் வரைக்கும் வரும். தண்ணி எப்ப வேணும்ங்கறதுதான் கேள்வி. பேச்சிப்பாறை அணை ஜூன் 1-ல திறந்து பிப்ரவரி 28-ல அடைக்கது வழக்கம். கும்பப்பூ நெல்லு அறுத்துட்டு மாசியில புல்லுக் கரணை (தண்டுத் துண்டு) ஊனினா அன்னைக்கே சானல் காஞ்சிரும். வெயில் மாசத்துல புல்லு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கும். 10 நாளைக்கு ஒரு தண்ணின்னா 50 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். மார்ச், ஏப்ரல், மே மூணு மாசத்துக்கு 9 தண்ணி. ஏக்கருக்கு 18 லட்சம், 3 ஏக்கருக்கு 54 லட்சம் லிட்டர். கோடைமழை பெய்தா ரெண்டு தண்ணி மிச்சமாகும். அத நம்பி கையெழுத்துப் போட முடியாது.

கோலப்பன்: போர் கிணறு உண்டுல்லா

பகவதி: போர் எனக்க பங்குலயாக்கும் கிடக்கு

கோலப்பன்: அக்கா, அது பழைய பேச்சு

பகவதி: பழசுதான். தீரல்ல.

சிவதாணு: ரெண்டு பேரும் இருங்க. ஐயப்பா, போர் எவ்வளவு இறைக்கு?

ஐயப்பன்: 200 லிட்டர் டிரம் 90 விநாடியில நிறையும் மாமா

சிவதாணு: அப்ப மணிக்கு 8,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணி பாய 25 மணி நேரம். 3 ஏக்கருக்கு 75. தினம் ஏழரை மணி நேரம் மோட்டார் ஓடணும், வாய்க்கால்ல மண்ணு குடிக்கது தனி. டிரம் கணக்க மோட்டார் போட்ட உடனே எடுக்கக் கூடாது. 6 மணி நேரம் விடாம ஓட்டிட்டு அளக்கணும், அதுவும் ஏப்ரல்ல. 90 விநாடி 150 ஆச்சுன்னா மணிக்கு 4,800 தான். பக்கத்துப் போர்க்காரங்களும் அதே ஊத்துலதான் இறைக்காங்க.

நீலா: கோயில் பங்குனி கொடைக்கு வரி யாரெல்லாம் தரணும்? அங்க கேக்காங்க

பகவதி: நான் கொடுத்தாச்சு

கோலப்பன்: நீலா, இது முடியட்டு

சுபா: அப்பா, டீசலுக்குத் தண்ணியே வேண்டாத பயிருன்னு காட்டாமணக்கச் சொன்னாங்களே, அது?

சிவதாணு: 2003-ல திட்டக்குழு சொன்னது. 2009 உயிரி எரிபொருள் கொள்கையில 2017-க்குள்ள டீசல்ல 20% பயோடீசல் கலக்கணும்னு எழுதினாங்க. நடக்கல்ல. காட்டாமணக்கு தண்ணியில்லாமலும் உயிரோட நிக்கும். காய்க்கணும்னா தண்ணியும் உரமும் வேணும். உயிர் பிழைக்கது வேற, காய்க்கது வேற. புண்ணாக்கு விஷம், மாட்டுக்கும் ஆகாது. எந்த எரிபொருள் பயிர்னாலும் முதல்ல தண்ணி எவ்வளவு வேணும்னு கேளுங்க. கரும்புல இருந்து 1 லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணின்னு 2021-ல நிதி ஆயோக் அறிக்கையே சொல்லுது.

கோலப்பன்: அண்ணே, நீங்க எதுக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவீங்க

சிவதாணு: வேண்டாம்னு சொல்லல்ல. இடம் வேறங்கேன். வயல் களிமண், பள்ளம். ஐப்பசி கார்த்திகையில தண்ணி கெட்டி நிக்கும். நேப்பியர் தூரு தண்ணியில நின்னா அழுகிரும். கோடையில காயும், அடைமழையில அழுகும். நம்ம மேட்டு நிலம் மேல விளை இருக்குல்லா, அங்க மண்ணுல தண்ணி நிக்காம வடியும், போரும் பக்கம். அங்க 50 சென்ட் போடு. ஒரு தண்ணிக்கு 1 லட்சம் லிட்டர், பன்னிரண்டரை மணி நேரம், அது 10 நாளைக்கு ஒருக்கத்தான். அத போர் தாங்கும். கரணை 60க்கு 50 சென்டிமீட்டர், 50 சென்டுக்கு 6,700 வேணும். ரெண்டு கணு உள்ளதா வெட்டணும், ஒரு கணு மண்ணுக்குள்ள. முதல் அறுப்பு 75 நாளுல, பிறகு 45 நாளைக்கு ஒருக்க. முத்த விட்டா தண்டு நார் ஏறி கேஸ் குறையும். வேலியில புங்கன் வை. தண்ணி ரெண்டு கோடைக்கு ஊத்தினா போதும், புண்ணாக்கும் உரமாகும். காய்க்கத்தான் 5 வருசம் ஆகும்.

ஐயப்பன்: மாமா, குலசேகரம் தோட்டத்துல ரப்பர் கொட்டை சும்மா கிடந்து முளைக்கு. அதுல எண்ணெய் எடுக்கலாமா? தனியாத் தண்ணியும் வேண்டாம்

சிவதாணு: நல்ல கேள்வி மக்களே. பருப்புல 40%க்கு மேல எண்ணெய் உண்டு. ஆனா கொட்டை விழுகது ஆடி ஆவணியில, ஈரம். ஈரத்தோட குவிச்சா எண்ணெய் உள்ளேயே முறிஞ்சு புளிப்பு ஏறிரும். அந்த எண்ணெய்ல காஸ்டிக் சோடாவும் மெத்தனாலும் போட்டா டீசலுக்குப் பதில் சோப்புதான் வரும். அதனால முதல்ல மெத்தனாலோட கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுப் புளிப்பக் குறைக்கணும், பிறகுதான் காஸ்டிக். ரெண்டு தடவையும் 60 டிகிரிக்கு மேல போகக் கூடாது, மெத்தனால் ஆவியாகும். அது விஷம், தீயும் பிடிக்கும். வீட்டு அடுக்களையில தொடாதே. பொறுக்கின அன்னைக்கே உடைச்சு, ரப்பர் ஷீட்டு காய வைக்க புகைக்கூடத்துச் சூட்டுல உலத்தி, செக்குல ஆட்டி வித்துரு.

பகவதி: ஐயப்பா படிச்சியா? அடுக்களை பக்கம் வராதே

சுபா: சித்தப்பா, ஒப்பந்தத்துல எடை எங்க போடுவாங்க?

கோலப்பன்: தெரியல்ல

சிவதாணு: அதக் கேளு. பச்சைப் புல்லுல 80% தண்ணி. வெட்டி ஒரு நாள் வெயில்ல கிடந்தாலே எடை குறையும். வயல் எடையா, ஆலை எடையா? வெட்டுகூலி யாருக்கு? வண்டி எத்தனை மணி நேரத்துல வரும்? கோடையில தண்ணியில்லாம புல்லு குறைஞ்சா நமக்கு அபராதம் உண்டுமா? நாலுக்கும் பதில் எழுத்துல வேணும்.

கோலப்பன்: 3 ஏக்கருக்குக் கீழ எடுக்க மாட்டாருன்னு நினைக்கேன்

பகவதி: கேட்டுப் பாரு. வயலுக்கு நான் கையெழுத்துப் போடல்ல. விளைன்னா பாப்போம்.

கோலப்பன்: விளைக்கு போர் தருவியாக்கா?

பகவதி: கரண்டு பில்லு பேசிட்டு

*கோலப்பன் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

சுபா: 😐

கோலப்பன்: ஆளுக்குப் போன் போட்டேன், எடுக்கல்ல. ஞாயிறு வரட்டு. அண்ணே, நீங்களே பேசுங்க.

சிவதாணு: சரி. போரு ஆழம் எழுதின சீட்டு யார்ட்ட இருக்கு?

நீலா: கொடை வரி நாங்க 2,000 போட்டா போதுமா?