பழைய பிக்கப்: பாடி லைட், கேபின் லைட் எரியவைத்த கதைகள்

சந்தூர்க்காரன்:
அப்பாவின் டாடா 207. போன மாதம் பெயின்ட் அடித்து வாங்கினேன். கேபினுக்குப் பின்னால் அப்பா போட்டிருந்த பாடி லைட் மட்டும் எரியவில்லை. ராத்திரியில் பெங்களூரா மாங்காய் ஏற்றும்போது கூடை எண்ணுவதற்கென்றே போட்ட விளக்கு அது. மூன்று பல்ப் மாற்றினேன், ஃபியூஸ் மாற்றினேன், ஒயரைத் தேடிக் கேபின் மேட்டையும் கழற்றிப் போட்டேன். கடைசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். மீட்டரைக்கூட எடுக்கவில்லை. விளக்கின் ஒரு திருகைக் கழற்றி, அடியில் இருந்த புதுப் பெயின்டை என் வீட்டுச் சாவியால் சுரண்டினார். எனக்கு வயிறு எரிந்தது. திருகை முடுக்கினார், விளக்கு எரிந்தது. "எர்த் தகட்டுல இருந்துதான் வரணும் தம்பி, பெயின்ட் விடுமா?" என்றார். எர்த் என்றால் மின்சாரம் வண்டித் தகடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. அதைவிட ஆச்சரியம், விளக்கு மூடிக்குள் செத்த பூச்சிகளுக்கு நடுவே ஒரு காய்ந்த மாங்காய்க் காம்பு கிடந்தது. அது எப்படி உள்ளே போனது?

பாலக்கோடு தக்காளி:
உங்களுக்கு எரியாதது பிரச்சினை, எனக்கு அணையாதது. கதவுச் சுவிட்ச் தேய்ந்து, மூடிய பிறகும் கேபின் லைட் எரிந்திருக்கிறது. விடியற்காலை மூன்றரைக்கு மண்டிக்குக் கிளம்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. நான்கு பேர் தள்ளினோம். உள்ளே அந்த பல்ப் பீடி நுனி மாதிரி சிவந்து கிடந்ததை மறக்க முடியாது.

காவேரிப்பட்டணம் ஒயரிங்:
பாலக்கோடு அண்ணா, அந்த பல்ப் மேல் பழி போடாதீர்கள். 12 வோல்ட்டில் 5 வாட் பல்ப் அரை ஆம்பியர்கூட இழுக்காது. பத்து மணி நேரம் எரிந்தாலும் நாலு ஆம்பியர்-அவர் சொச்சம்தான். நல்ல பேட்டரி அதற்கெல்லாம் படுக்காது. என் கதை சின்னது: வில்லிஸ் காலத்து ஜீப்பில் 12 வோல்ட் பல்பைப் போட்டேன், மின்மினி மாதிரி எரிந்தது. வண்டி 6 வோல்ட்.

அப்புறம், எல்லோருக்கும் ஒன்று. இரண்டு பக்கமும் கூம்பு முனை உள்ள குழல் பல்ப் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், நீளம் 36, 41 மி.மீ. என்று மாறும். குட்டையானதை மாட்டினால் கிளிப்பில் ஆடும், சூடேறும். வெளிச்சம் போதவில்லை என்று 10 வாட் போடாதீர்கள், பிளாஸ்டிக் மூடி உருகும். கிளிப்பை உப்புத்தாளால் தேயுங்கள். பெயின்டைச் சுரண்டிய இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையிலேயே துரு பிடிக்கும். எல்.இ.டி. போட்டால், கதவுச் சுவிட்சில் லேசாகக் கசிவு இருந்தாலே மூடிய பிறகும் மினுக்கும்.

பாலக்கோடு தக்காளி:
பேட்டரி வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தள்ளினது நான், நீங்கள் இல்லை.

காவேரிப்பட்டணம் ஒயரிங்:
அப்படியென்றால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள் அண்ணா.

சந்தூர்க்காரன்:
ஆல்டர்னேட்டர் இருக்கட்டும். அந்தக் காம்பு?

பாலக்கோடு தக்காளி:
எலி. ஒயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.