அப்பான்ர "காஸ்ரிக்" 3 வருசமா மாறுதில்லை, கமரா விட்டுப் பாக்கோணுமோ?

கோப்பாய்_பெடியன்:
வணக்கம். அப்பாக்கு 61 வயசு, தோட்டம் செய்யிறவர். 3 வருசமா நெஞ்சுக்குழிக்குள்ள எரிவு, ஏவறை, சாப்பிட்ட கையோட வயிறு ஊதுது. சந்தியில இருக்கிற பார்மசியில அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்பிறசோல் 20 குளிசை ஒரு காட் வேண்டிப் போடுவார், நாலு நாள் சுகம், பேந்து திரும்ப வரும். டொக்டரிட்ட வாங்கோ எண்டா "காஸ்ரிக் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில எங்க இருக்கு, உதுக்கொரு டொக்டரோ" எண்டு கேக்கிறார். அம்மா கறிக்குத் தூளைக் குறைச்சுப் பாத்தா, இப்ப வீட்டில ஒருத்தருக்கும் சோறு இறங்குதில்லை, எரிவு மட்டும் அப்பிடியே நிக்குது. இப்ப ஒரு மாசமா ஆள் கெதியா களைக்கிறார், தோட்டத்துக்குத் தண்ணி விடேக்க இடைக்கிடை இருந்து எழும்பித்தான் செய்யிறார். வாயால கமரா விட்டுப் பாக்கிறதை எண்டொஸ்கொப்பி எண்டு சொல்லுகினமே, அது கனக்க நோகுமோ? அவருக்குப் பயம் அதுதான் எண்டு நினைக்கிறன்.

மருதடி_அக்கா:
தம்பி, காஸ்ரிக் எண்டு நாங்கள் சொல்லுறது ஒரு வருத்தமில்லை, பத்து வருத்தத்துக்கு வைச்ச ஒரு பேர். என்ர மனுசனையும் ஒரு வருசம் காஸ்ரிக் எண்டுதான் வைச்சிருந்தனாங்கள். கலியாண வீடு, கொத்து ரொட்டி எண்டு எண்ணெயாச் சாப்பிட்டா அண்டிரவு வலது பக்க விலாவுக்குக் கீழ பிடிச்சு தோள் வரைக்கும் இழுக்கும், சத்தியும் எடுப்பார். கடைசியில ஸ்கான் பண்ணினா பித்தப்பையில கல்லு. ஒமெப்பிறசோலுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கோ. இன்னொண்டு, வேலை செய்யேக்க நெஞ்சு இறுக்கி வேர்த்தா காஸ்ரிக் எண்டு இருந்திடாதேங்கோ, ஈசிஜி எடுக்கோணும்.

வாட்டில_நிக்கிறவள்:
நான் நேர்ஸ், டொக்டர் இல்லை. எரிவை விட அந்தக் களைப்புத்தான் எனக்குப் பிடிக்கேல்லை. மூண்டு விசயம் வடிவாக் கேட்டுச் சொல்லுங்கோ. மலம் என்ன நிறம், தார் மாதிரிக் கறுப்பா ஒட்டிக்கொண்டு கெட்ட மணத்தோட போகுதோ? இரும்புச்சத்துக் குளிசை போட்டாலும் கறுக்கும், அதையும் கேளுங்கோ. மெலிஞ்சவரோ, சாப்பாடு விழுங்கேக்க தடக்குதோ? கடைசியா, வயித்துக்கு இல்லாமல் வேற என்ன குளிசை போடுறவர்? தோட்டக்காரர் எண்டா முழங்கால் நோ, நாரி நோ எண்டு ஏதாவது இருக்கும், அதை ஒருத்தரும் வயித்தோட சேத்துச் சொல்ல மாட்டினம்.

கமராக்குப் பயப்பிடத் தேவையில்லை. 6 தொடக்கம் 8 மணித்தியாலம் வெறுவயிறு, தொண்டையில மரக்கிற ஸ்பிறே அடிப்பினம், பாக்கிறது 5, 10 நிமிசம். ஓங்காளம் வரும், அது உண்மை, ஆனா நோகாது.

பரியாரி_பேரன்:
இங்கிலீஷ் மருந்துக்கு ஓடாமல் பிரண்டைத் துவையலும் மோரும் ரெண்டு மாசம் குடுத்துப் பாருங்கோ. தூளும் கவலையும்தான் காஸ்ரிக்குக்குக் காரணம்.

பயோ_2021:
அண்ணை, மோர் குடிக்கட்டும், ஒருத்தரும் வேண்டாமெண்டேல்லை. ஆனா உறைப்பால எரியும், புண் வராது. கனபேருக்கு குடல்புண் வாறது எச் பைலோரி எண்ட கிருமியாலை. இதை ஒருத்தரும் நம்பேல்லை எண்டு பரி மார்ஷல் எண்ட அவுஸ்திரேலிய டொக்டர் 1984 இல கிருமியைத் தானே கரைச்சுக் குடிச்சு வருத்தக்காரனாகிக் காட்டினவர். 2005 இல அவருக்கும் றொபின் வொறனுக்கும் நோபல் பரிசு. எங்கட ஆக்கள் இன்னும் தூளைத்தான் பிடிச்சு அடிக்கினம், பாவம் தூள்.

கோப்பாய்_பெடியன்:
நேர்ஸ் அக்கா, கேட்டன். "ரெண்டு கிழமையா கறுப்பாத்தான் போகுது, பனங்கட்டி திண்டதெண்டு நினைச்சன்" எண்டு சாதாரணமாச் சொல்லுறார். இரும்புக் குளிசை ஒண்டும் போடேல்லை. முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் 50, ஒரு நாளைக்கு ரெண்டு, ஒரு வருசத்துக்கு மேல போடுறார், அதுவும் தோட்டத்துக்குப் போக முதல் வெறும் பிளேன் ரீயோட!! அம்மாக்கே தெரியாது.

வாட்டில_நிக்கிறவள்:
தம்பி இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ, கிளினிக் நாள் பாக்கவேண்டாம். புண்ணிலயிருந்து ரத்தம் கசிஞ்சா அப்பிடித்தான் கறுக்கும். தலை சுத்து, ரத்தமாச் சத்தி ஏதும் இருந்தா மோட்டச்சைக்கிள்ல ஏத்தாதேங்கோ, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. அந்தக் கால் குளிசையை உடனை நிப்பாட்டுங்கோ, அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும். போட்ட எல்லாக் குளிசைக் காட்டையும் பையில போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, இல்லாட்டி அவர் அங்கையும் ஒமெப்பிறசோலை மட்டும்தான் சொல்லுவார்.

கோப்பாய்_பெடியன்:
ரெண்டு கிழமை கழிச்சு வந்து எழுதுறன், குறை நினைக்காதேங்கோ. எச்பி (ரத்தத்தில இருக்கிற ஹீமோகுளோபின் அளவு) 8.2, ஆம்பிளையளுக்கு 13க்கு மேல இருக்கோணுமாம். வாட்டில மறிச்சு ரத்தம் ஒரு பைன்ற் ஏத்தி அடுத்தநாள் கமரா விட்டவை, இரைப்பையில புண். அதிலயிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்து ரெஸ்ற் பண்ணினதில கான்சர் இல்லை, எச் பைலோரி இருக்கு. அதாவது கிருமி ஒரு பக்கம், கால் குளிசை மற்றப் பக்கம். 14 நாள் கோர்ஸ், அமொக்சிசிலின், கிளாரித்றோமைசின், ஒமெப்பிறசோல். வாயெல்லாம் கைக்குது எண்டு நாலாம் நாளே நிப்பாட்டப் பாத்தவர், அரைகுறையா விட்டா கிருமி அடங்காதெண்டு அம்மா பக்கத்தில நிண்டு விழுங்க வைச்சா. பெனிசிலின் ஒத்துவராத ஆக்கள் அதை முதலே சொல்லோணுமாம், அவைக்கு வேற மருந்து.

இன்னும் முடியேல்லை. புண் ஆறினதோ எண்டு 8 கிழமையில திரும்பக் கமரா. கிருமி போட்டுதோ எண்டு பாக்கிற ரெஸ்ற், அன்ரிபயோற்றிக் முடிஞ்சு 4 கிழமையாவது கழிச்சு. அதுக்கு 2 கிழமை முன்னம் ஒமெப்பிறசோலையும் நிப்பாட்டோணும், டொக்டர் சொல்லுற திகதியிலதான். இல்லாட்டி கிருமி இருந்தாலும் இல்லையெண்டு காட்டுமாம். ஒமெப்பிறசோலும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் போடுறதாம், இவர் மூண்டு வருசமா எரியேக்க எரியேக்க போட்டவர்.

மருதடி_அக்கா:
அப்பாடா. முழங்காலுக்கு இப்ப என்ன செய்யிறார்?

கோப்பாய்_பெடியன்:
பனடோலும் பூசுற மருந்தும் தந்து எலும்பு கிளினிக்குக்குத் துண்டு எழுதி விட்டிருக்கினம். ஆனா நேற்று அம்மா உடுப்புத் தோய்க்கேக்க சேட் பொக்கற்றுக்குள்ள டைக்ளோபெனாக் அரைக் காட் ஒண்டு எடுத்தவ. காலமையிலயிருந்து ரெண்டு பேரும் கதையில்லை.