மறு: டிஸ்பிளே மேனேஜர் – ‘காட்சி மேலாளர்’ வேண்டாம் என்கிறேன்

வணக்கம்.

பினாங்கில் பழைய பள்ளிக் கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுவதற்கான கையேட்டில் மூன்றாம் இயல் மட்டும் பாக்கி. குறைந்தபட்ச நிறுவல் முடிந்து, கறுப்புத் திரையில் பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்கும் கணினியில் வரைகலைப் பணிமேடையை அமைப்பது பற்றிய இயல் அது. அங்கேதான் டிஸ்பிளே மேனேஜர் என்ற சொல் இடிக்கிறது. பயனரிடம் புகுபதிகை (லாகின்) கேட்டு உள்ளே விடும் நிரல் அது. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று இந்த மடலாடலில் வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> நேர்ப்பெயர்ப்பு கைவசம் இருக்கும்போது புதிதாக எதற்கு? ‘சாளர மேலாளர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘காட்சி மேலாளர்’ என்றால் இரண்டும் ஒத்துப்போகும்.

ஈப்போ ஐயா, அந்த ஒத்துப்போவதுதான் சிக்கலே. சாளர மேலாளர் உண்மையிலேயே சாளரங்களை மேலாண்மை செய்கிறது. நகர்த்துகிறது, அளவை மாற்றுகிறது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. டிஸ்பிளே மேனேஜர் காட்சி எதையும் அப்படி மேய்ப்பதில்லை. யார் வந்திருக்கிறார் என்று பார்த்து, கடவுச்சொல்லைச் சரிபார்த்து, எந்தப் பணிமேடை வேண்டும் என்று கேட்டு, அதைத் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. வெளியேறியதும் மறுபடி வந்து நிற்கிறது.

கையேட்டில் ‘காட்சி மேலாளர் இயங்கவில்லை’ என்று எழுதினால் ஆசிரியர் என்ன செய்வார்? மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆங்கிலப் பெயர் அப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. திரையில் சாளரங்களை வரைந்து காட்டும் எக்ஸ் என்ற அமைப்பின் வழக்கில் டிஸ்பிளே என்றால் திரை மட்டுமல்ல. ஒருவர் முன்னால் இருக்கும் திரை, விசைப்பலகை, சுட்டி எல்லாம் சேர்ந்த தொகுதி. 1988இல் எக்ஸ்11இன் மூன்றாம் வெளியீட்டோடு எக்ஸ்டிஎம் என்ற டிஸ்பிளே மேனேஜர் வந்தபோது, எக்ஸ் முனையங்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு பெரிய கணினி, அதனோடு வலையமைப்பில் பல முனையங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் புகுபதிகைப் பெட்டியைக் காட்டி, பயனர் எழுந்து போனதும் அடுத்தவருக்குத் தயாராக்கிவைப்பது எக்ஸ்டிஎம்மின் வேலை. பல டிஸ்பிளேக்களைக் கட்டி மேய்த்ததால் அன்றைக்கு அந்தப் பெயர் பொருந்தியது. நம் பள்ளியில் ஒரு கணினிக்கு ஒரு திரை. எக்ஸுக்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலண்டு வழியில் போனால், திரையில் எது எங்கே வரவேண்டும் என்பதைப் பணிமேடையின் கம்போசிட்டர் என்ற பகுதியே பார்த்துக்கொள்கிறது; அப்போது ‘காட்சி’ என்ற அடைமொழி இன்னும் தள்ளிப் போய்விடுகிறது.

அடுத்து, செந்தூல் அக்காவின் ‘வரைகலைப் புகுபதிகை’. புகுபதிகை தமிழ் விக்கிப்பீடியாவில் நன்றாக ஊன்றிவிட்ட சொல், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ‘வரைகலை’தான் உதைக்கிறது. லை என்று ஒரு சின்ன டிஸ்பிளே மேனேஜர் இருக்கிறது. எழுத்துகளாலேயே பெட்டி வரைந்து காட்டும், படம் ஒன்றும் கிடையாது. கிரீட்டிடி என்ற இன்னொன்றையும் எழுத்து முகப்போடு ஓட்டலாம். நினைவகம் குறைந்த கணினிகளில் இவற்றைப் போட நமக்கே ஆசை வரும். மேலும், புகுபதிகை என்பது ஒரு செயல். அதைச் செய்யவைக்கும் நிரலுக்கு வேறு பெயர் வேண்டும்.

(மலாய்க்காரர்கள் இதில் பிழைத்துக்கொண்டார்கள். ‘லோக் மாசுக்’ என்று பாதியை அப்படியே எடுத்து, மீதிக்குத் தங்கள் சொல்லை ஒட்டிவிட்டார்கள். மாணவர்களுக்கும் அதுதான் வாயில் வருகிறது. நாம் ‘லாகு நுழை’ என்று எழுதினால் மடலாடலில் என்னை வைத்திருக்க மாட்டீர்கள்.)

கிள்ளான் தம்பியின் ‘வாயிலோன்’ கேட்க அழகு. வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: ‘வாயிலோனை நிறுவவும்’, ‘வாயிலோனை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யவும்’. பாவம், யாரோ ஒரு மனிதரை வேலைக்கு வைத்து அனுப்புவதுபோல இருக்கிறது. ‘நுழைவாயில்’ என்று மாற்றலாம் என்றால், வலையமைப்பில் கேட்வேக்கு அதைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். நம் கையேட்டின் ஐந்தாம் இயலிலேயே அந்தப் பொருளில் வருகிறது.

ஆனாலும் ‘வாயில்’ நல்ல வேர். அதை விடாமல், எதற்கான வாயில் என்று சொன்னால் போதும். என் முன்மொழிவு: அமர்வு வாயில்.

பயனர் உள்ளே வந்ததிலிருந்து வெளியேறும்வரையான செஷனுக்கு அமர்வு என்பது பழகிய சொல். மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் ‘முதல் அமர்வு, இரண்டாம் அமர்வு’ என்று படிக்காதவர் நம்மில் இல்லை. இந்த நிரலின் உள்வேலையும் அமர்வைச் சுற்றித்தான். லைட்டிடிஎம் என்ற டிஸ்பிளே மேனேஜர் காட்டும் திரையின் மேல்பட்டையில் வலது ஓரமாக ஒரு சின்னக் குறி இருக்கும். பலர் அதைத் தொட்டே பார்ப்பதில்லை. சொடுக்கினால் எக்ஸ்எஃப்சிஇ, ஓப்பன்பாக்ஸ் என்று நிறுவியிருக்கும் பணிமேடைகள் வரிசையாக விழும். அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? ‘எக்ஸ்செஷன்ஸ்’, ‘வேலண்டு செஷன்ஸ்’ என்ற இரண்டு அடைவுகளில் உள்ள சிறு கோப்புகளிலிருந்து. பணிமேடையை நிறுவும்போது அது தன் பெயரை அங்கே எழுதிவைக்கிறது. வாயில் அதைப் படித்துக் காட்டுகிறது. ஒரு வாயில், பல அமர்வுகள். இதைக் ‘காட்சி மேலாளர்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியருக்கு விளக்கிப் பாருங்கள், நாக்கு தள்ளும்.

இன்னொரு வசதி. லைட்டிடிஎம்மில் பின்னால் ஓடும் சேவை வேறு, கண்ணுக்குத் தெரியும் முகப்பு வேறு. அந்த முகப்பை ஆங்கிலத்தில் கிரீட்டர் என்கிறார்கள். சேவைக்கு அமர்வு வாயில், முகப்புக்கு வரவேற்புத் திரை. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் நமக்கு உண்டு. பயனரின் முழுப்பெயரைத் தமிழில் கொடுத்தால் வரவேற்புத் திரை அதை அப்படியே காட்டும். ஆனால் குறைந்தபட்ச நிறுவலில் தமிழ் எழுத்துரு இருக்காது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள் நிற்கும். லோகித் தமிழோ நோட்டோவோ போட்டால் சரியாகிவிடும். அங்கே பழுது திரையில் இல்லை, வாயிலிலும் இல்லை. விசைப்பலகையும் அப்படித்தான். கணினி முழுமைக்கும் தமிழ்99 விசையமைப்பை மட்டும் இயல்பாக வைத்துவிட்டால், வரவேற்புத் திரையில் ஆங்கில எழுத்துக் கடவுச்சொல்லைத் தட்டவே முடியாது. தமிழ் உள்ளீட்டை அமர்வுக்குள்ளே வையுங்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

> அப்படியானால் வாயில் இல்லாமல் அமர்வு தொடங்காதா? ஸ்டார்ட்எக்ஸ் போட்டாலே பணிமேடை வந்துவிடுகிறதே?

வரும், தம்பி. கறுப்புத் திரையிலேயே புகுபதிந்து ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையைக் கொடுத்தால் போதும். வாயில் கட்டாயம் இல்லை. ஒருவர் மட்டும் புழங்கும் கணினிக்கு அதுவே மேல் என்பேன். வகுப்பறைக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். பெயரிலும் இது சரியாகவே விழுகிறது: வாயில் இல்லாத வீட்டுக்குள்ளும் ஏறிக் குதித்துப் போகலாம்.

செந்தூல் அக்கா தனிமடலில் கேட்டதற்கும் இங்கேயே பதில்: சேர்த்து எழுத வேண்டாம். ‘அமர்வுவாயில்’ என்றால் இரண்டு வகரமும் மோதிக்கொண்டு கண்ணை உறுத்துகிறது. பின்னணிச் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் சேவைப் பெயரும் கட்டளைகளும் ஆங்கிலத்திலேயே ‘டிஸ்பிளே மேனேஜர்’ என்றுதான் இருக்கும். அதை நாம் மாற்ற முடியாது. ஆகவே முதல் தடவை வரும் இடத்தில் ‘டிஸ்பிளே மேனேஜர் எனப்படும் அமர்வு வாயில்’ என்று போட்டுவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் வைக்கிறேன். டெஸ்க்டாப்புக்கு மேல்மேசையா பணிமேடையா என்ற பழைய வழக்கை இந்த இழையில் திறக்காதீர்கள். கையேடு முழுக்கப் பணிமேடை என்று அடித்தாகிவிட்டது.

பத்தியின் வரைவு இது. ஆட்சேபம் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்:

“பரிந்துரைப் பொதிகளைத் தவிர்த்து எக்ஸ்எஃப்சிஇயை நிறுவினால் எக்ஸ் சேவையகமும் வராது, டிஸ்பிளே மேனேஜர் எனப்படும் அமர்வு வாயிலும் வராது. இரண்டையும் தனியாகக் கேட்டு நிறுவுங்கள். மறுதொடக்கம் செய்த பிறகும் கறுப்புத் திரையே நின்றால், சிஸ்டம்டியின் இயல்பு இலக்கு கிராஃபிக்கல் டார்கெட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். மல்ட்டி யூசர் டார்கெட் என்று இருந்தால் வாயில் தானாகத் திறக்காது. கணினியில் இரண்டு அமர்வு வாயில்கள் இருந்தால் ஒன்றுதான் இயங்கும். எது என்பதை இரண்டாவதை நிறுவும்போதே டெபியன் கேட்கும். பிறகு மனம் மாறினால், டிபிகேஜி ரீகான்ஃபிகர் கட்டளையோடு வாயிலின் பெயரைக் கொடுங்கள், மறுபடி கேட்கும்.”

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து